முதல் ஸ்கேனில் தெரிந்த பழுப்புக் கொழுப்பு இரண்டாவதில் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. பழுப்புக் கொழுப்பு என்பது எரிந்து உடலுக்குச் சூடு தரும் கொழுப்பு. முதல் பெட் ஸ்கேனில் (வழக்கமாகக் கழுத்தின் இருபுறமும்) பளிச்சென்று தெரிந்த அந்தக் கொழுப்பு, இரண்டாம் முறை வேலை செய்யாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். ஸ்கேனுக்கு முன் ஊசியில் போடும் சர்க்கரை போன்ற மருந்தை அந்த நேரத்தில் எது இழுக்கிறதோ அதுதான் இந்த ஸ்கேனில் ஒளிரும்.

பெரும்பாலும் காரணம் குளிர்தான். உடல் குளிர்ந்ததும் பரிவு நரம்புகள் (நம் கட்டுப்பாடின்றித் தானாக இயங்குபவை) நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். அது பழுப்புக் கொழுப்புச் செல்லைத் தூண்டியதும், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள யுசிபி1 என்ற புரதம் விழித்துக்கொள்ளும். ஏடிபியாக (செல் ஆற்றலைச் சேமிக்கும் மூலக்கூறு) சேர வேண்டிய ஆற்றல் அப்போது நேராக வெப்பமாகிவிடும். கதகதப்பான அறையில் போர்வையோடு காத்திருந்தால் இந்தத் தூண்டுதலே குறைவு.

இரண்டு நாட்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்:

1. முதல் முறை ஊசி போடும் முன் ஏசி அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா?
2. இடையில் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை ஏதாவது தொடங்கினீர்களா? நார்அட்ரினலினின் தூண்டுதலைத் தடுப்பதால் அதுவும் இந்தக் கொழுப்பை அடக்கும்.

வயது கூடுவது, உடல் எடை ஏறுவது இரண்டும் பழுப்புக் கொழுப்பின் சுறுசுறுப்பைக் குறைக்கும். ஆனால் அது மெதுவாக நடப்பது.

ஒன்று மட்டும் கவனம். முதல் படத்தில் ஒளி இருபுறமும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் இருந்திருந்தால், அது பழுப்புக் கொழுப்புதான் என்று நீங்களாக முடிவு கட்டாமல் ரிப்போர்ட் எழுதிய மருத்துவரிடம் கேளுங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.