மறைந்த உங்கள் அப்பாவை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது எது?

இந்தக் கேள்வியை நாலைந்து நாளாகப் பார்த்துவிட்டுக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். பதில் எழுதிய பலரும் அப்பாவின் சைக்கிள், சட்டை வாசனை, அடி வாங்கிய கதை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஞாபகம் வருவது ஒரு எண்ணிக்கை. ஒன்றிலிருந்து பத்து வரை, அதுவும் இந்தியில்.

"ஏக்... தோ... தீன்... சார்... பாஞ்ச்... சே... சாத்... ஆட்... நௌ... தஸ்."

அப்பா பிசியோதெரபிஸ்ட். அதற்கு முன்னால் 24 வருடம் பட்டாளம். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெருவுக்கு ஒரு பென்ஷன் பட்டாளக்காரர் இருப்பார். மாதம் ஒருநாள் நாகர்கோவில் கேன்டீனுக்குப் பை தூக்கிக்கொண்டு போவார், மீதி நாள் முழுக்க லடாக் குளிரைப் பற்றிப் பேசுவார். அப்பா பேசாத ரகம். அவர் இருந்தது சண்டை நடந்த இடத்தில் அல்ல, சண்டை முடிந்து ஆட்கள் வந்து சேரும் இடத்தில்.

1973-ல், இருபது வயதில், ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். லக்னோவில் பயிற்சி. பிறகு பிசியோதெரபி வேலைக்குப் பிரித்துவிட்டார்கள். "துப்பாக்கியப் பிடிக்கப் போனவன, ஊரான் காலப் பிடிக்க விட்டானுவ" என்பது அவருடைய ஒரே பட்டாள ஜோக். அதையே முப்பது வருடம் சொன்னார். சர்வீஸில் பெரும்பகுதி பூனாவில் போனது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944-ல் தொடங்கிய செயற்கை உறுப்பு மையம் அங்கேதான் இருக்கிறது. கை கால் இழந்த சிப்பாய்கள் நாடு முழுவதிலுமிருந்து வருவார்கள். பஞ்சாபி, வங்காளி, நேபாளி, மலையாளி எல்லாரும் ஒரே வார்டு. எல்லாருக்கும் பொதுவாக எண்ண ஒரு மொழி வேண்டும் இல்லையா, அப்படி ஒட்டிக்கொண்டதுதான் இந்த ஏக் தோ தீன். மற்றபடி அவருக்கு இந்தி மேல் தனிப்பிரியம் எதுவும் கிடையாது. சண்டை போடுவது, ஜெபம் பண்ணுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் தமிழில்தான். (இதைப் படித்துவிட்டு மொழி அரசியல் பேச வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போங்கள்.)

அந்த நாட்களைப் பற்றி அவர் முழுதாகச் சொன்ன கதை ஒன்றே ஒன்று. மழைக்காலம், கரண்டு இல்லாத ஒரு ராத்திரி, திண்ணையில் வைத்துச் சொன்னார்.

1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. திரும்பியவர்களில் கண்ணிவெடியில் கால் போனவர்கள் பலர் அப்பாவின் வார்டுக்கு வந்தார்கள். ஒரு வடக்கத்திச் சிப்பாய், சின்னப் பையன், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் வலது காலை விட்டுவிட்டு வந்தவன். அப்பாவிடம் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறான். கன்னியாகுமரி என்றிருக்கிறார். "அப்போ நீ தமிழனா?" "ஆமா." அவ்வளவுதான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இரண்டு நாள் கட்டுப்போடக்கூட விடவில்லை. மூன்றாம் நாள் அப்பா அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் காலை நீட்டி, தானே அந்த எக்சர்சைஸைச் செய்ய ஆரம்பித்தார். சத்தமாக எண்ணினார். பத்து முடிந்ததும் மறுபடி ஏக். எத்தனையாவது சுற்று என்று அவருக்கே தெரியாது, ஒரு "தீன்" வரும்போது கட்டிலிலிருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது.

பின்னால் ஒருநாள் ராத்திரி அவனே கூப்பிட்டு, இல்லாத காலின் பெருவிரல் அரிக்கிறது என்று அழுதிருக்கிறான். அப்பா, விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போர்வையைச் சொறிந்துகொடுத்தார். "கொறஞ்சுதா அப்பா?" என்று கேட்டேன். "கொறஞ்சுதுன்னு சொன்னான் மக்களே. எனக்காகச் சொன்னானோ என்னமோ." இல்லாத உறுப்பு இருப்பது போலத் தோன்றும் இதற்கு மருத்துவத்தில் 'ஃபேன்டம் லிம்ப்' என்று பெயர். பல வருடம் கழித்து, தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் அறிஞர், இருக்கிற கையைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கையின் வலியைக் குறைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதை வாசித்த அன்றைக்கே அப்பா மார்த்தாண்டம் போய் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் போல என்று தெருவே நினைத்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது.

1997-ல் ஹவில்தாராகப் பென்ஷனில் வந்தார். கொஞ்ச காலம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், பிறகு வீட்டு முன்னறையே கிளினிக். கரண்டு வைக்கிற மெஷின் ஒன்று, மெழுகு உருக்குகிற பாத்திரம் ஒன்று. வாசலில் நின்ற அயினி மரக்கிளையில் ஒரு கப்பி, அதில் கயிறு, தோள் இறுகிப்போனவர்கள் இழுப்பதற்கு. நடை பழக இரண்டு கமுகந்தடிகளை இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருந்தார். காலில் கட்டுகிற மணல்பைகளை அம்மா தைத்தாள், அப்பாவின் பழைய யூனிபாரத்தை வெட்டி. அரைக்கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ. ஒரு பையில் பட்டன் போடும் ஓட்டை அப்படியே இருக்கும், அதை உள்பக்கம் துணி வைத்து அடைத்திருப்பாள். மணவாளக்குறிச்சி கருமணல் போட்டால் சின்னப் பையிலேயே நல்ல கனம் கிடைக்கும் என்று கடல்புரத்துக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். உண்மைதான், அந்த மணலில் இல்மனைட் இருப்பதால் சாதாரண மணலைவிடக் கனம் அதிகம். "அது சர்க்கார் சொத்தாக்கும்" என்று அப்பா மறுத்துவிட்டார். வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்துப் போட்டார்.

யார் யார் வந்தார்கள்! அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) நாள் முழுக்கக் குத்தவைத்து அண்டி தல்லுகிற, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற அக்காமார். விடியும் முன்னே ஹெட்லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள். பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியும் "இன்னும் ஒரு சீசன் அக்கானி (பதநீர்) எடுக்கணும்" என்று நிற்கிற பெரியவர்கள். முழங்கால் முட்டுவலிக்காரர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது ஐந்து பைசா செலவில்லாத ஒன்று. காலை நீட்டி உட்கார், முட்டுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வை, துண்டை நசுக்குகிற மாதிரி முட்டைக் கீழே அழுத்து, தொடைச்சதை இறுகும், பத்து எண்ணும்வரை விடாதே. அப்படிப் பத்து தடவை.

எண்ணுவதை மனசுக்குள் வைத்துக்கொள்ள விடமாட்டார். வாய்விட்டு எண்ண வேண்டும். வடக்கே ஒருநாளும் போகாத எழுபது வயது ஆச்சிகள் எல்லாம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து இந்தியில் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அண்டி ஆபீஸ் பாட்டி ஒருத்தி அம்மாவிடம் சொன்னது இன்றைக்கும் வீட்டில் ஓடுகிறது. "ஒனக்க மாப்பிள நல்ல மரியாத தெரிஞ்ச ஆளு பிள்ளே. நாலுக்கு ஒருக்க என்ன 'சார்'னு கூப்பிடுதாரு. ஆனா ஆறு வரும்போ மட்டும் எதுக்கு 'சே'ன்னு சலிச்சுக்கிடுதாரு?"

நான் வேகமாக எண்ணினால் அவருக்குப் பிடிக்காது. "அவசரமா எண்ணினா பத்து வந்துரும், முட்டு வராது" என்பார். வாய்விட்டு எண்ணச் சொன்னது பட்டாளப் பழக்கம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். காரணம் வேறு. பலம் கொடுத்து அழுத்தும்போது மனிதர்கள் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அப்போது பிரஷர் சட்டென்று ஏறும். சத்தமாக எண்ணுகிறவனால் மூச்சைப் பிடிக்க முடியாது. வருகிறவர்களில் பாதிப்பேர் பிரஷர்காரர்கள், அவர்களுக்கு இதையெல்லாம் விளக்குவதைவிட எண்ண வைப்பது சுலபம்.

எங்கள் ஊரில் கை கால் பிசகினால் முதலில் போவது வர்ம ஆசானிடம். அடுத்த தெருவிலேயே ஒரு ஆசான் இருந்தார். முதல் இரண்டு வருடம் இருவருக்கும் பேச்சே கிடையாது. கைமுட்டில் அடிபட்ட பிள்ளைகளுக்கு எண்ணெய் போட்டுத் தடவினால் சதைக்குள் எலும்பு வளர்ந்து முட்டு மடங்காமல் போய்விடும் என்பது அப்பாவின் புகார். தைலம் தொடாத வைத்தியம் ஒரு வைத்தியமா என்பது ஆசானின் புகார். கடைசியில் ஆசானின் பேரனே மரத்திலிருந்து விழுந்து கைமுட்டில் அடிபட்டபோது, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அப்பா கைமுட்டைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. கையை அசையாமல் கட்டி, எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார், வைத்தியம் எல்லாம் அங்கிருந்து வந்த பிறகுதான். அதிலிருந்து கைமுட்டு இங்கே, சுளுக்கு அங்கே என்று ஒரு ஒப்பந்தம். சாயங்காலம் இரண்டு பேரும் கட்டன்சாயாவும் மரச்சீனிக்கிழங்குமாக உட்கார்ந்து ஒருவர் நோயாளியை மற்றவர் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

குறையே இல்லாத மனிதர் இல்லை. என் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், நடையைப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டார் போன பிறகு, எல்லாரும் பையனின் படிப்பையும் சம்பளத்தையும் பேசிக்கொண்டிருக்க, அப்பா சொன்ன ஒரே கருத்து, "பாதம் தட்டையா இருக்கு. செருப்புக்குள்ள வளைவு வச்சுக் குடுக்கணும்." கல்யாணம் முடிந்த மாதமே வைத்தும் கொடுத்தார். என் வீட்டுக்காரர் இன்றும் அதைத்தான் போடுகிறார்.

2021 ஆகஸ்ட். நான் ஊரில் இருந்தேன். காலை ஆறரைக்கு அப்பாவின் வலது கையிலிருந்து சாயா டம்ளர் நழுவியது. வாய் குழறியது. சுகர் உள்ளவர், சுகர் இறங்கிவிட்டது என்று நினைத்து சீனித்தண்ணி கொடுத்தேன். அது வாயின் வலது ஓரத்தில் வழிந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. படுக்க வைத்து, தூங்கட்டும் என்று விட்டேன். இத்தனைக்கும் பக்கவாதத்தின் அடையாளங்களைப் பத்து வயதிலேயே எனக்குச் சொல்லித்தந்தவர் அவர். சிரிக்கச் சொல்லு, இரண்டு கையையும் தூக்கச் சொல்லு, ஒரு வரி பேசச் சொல்லு, மூன்றில் ஒன்று கோணினாலும் ஓடு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நான் ஒன்பது மணிக்குத்தான் கார் பிடித்தேன். ஸ்கேன் முடிந்தபோது பதினொன்றரை. இதை எழுதுவதற்காகத்தான் நாலைந்து நாள் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டேன் என்று நினைக்கிறேன். வாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள். வண்டியைப் பிடியுங்கள்.

வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு நான்தான் எக்சர்சைஸ் கொடுத்தேன். அவரைத் தூக்கி உட்கார வைக்க அக்குளில் கை கொடுத்தேன், இடது கையால் என் மணிக்கட்டில் ஒரு அடி. விழுந்த கையைப் பிடித்து இழுத்தாலோ, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ தோள்மூட்டு இறங்கிவிடும் என்பது அவர் பாடம். பேச்சில்லாமலே என்னைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் முட்டுக்கு அடியில் துண்டை வைத்து, ஒண்ணு ரெண்டு மூணு என்று அவசரமாக எண்ணினேன். தலையை ஆட்டினார். வாயைக் கோணிக்கொண்டு, "ஏக்" என்றார்.

தஸ் வரை ஒன்றுவிடாமல் எண்ணினார். அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். பேச்சு வந்துவிட்டது என்று தெருவுக்கே சொல்லிவிட்டோம். பேச்சுப்பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் விளக்கினாள். எண்ணிக்கை, கிழமைகள், ஜெபம் மாதிரி மனப்பாடமாக ஓடுகிறவை, பேச்சு போனாலும் பலருக்குத் தங்கிவிடுமாம். அதை வைத்துப் பேச்சு திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சரியாகத்தான் சொன்னாள். தண்ணீர் என்று கேட்க அவரால் முடியாது. பரமண்டல ஜெபத்தை முழுதாகச் சொல்வார். பாஞ்சில் நிறுத்திவிட்டால் சேயிலிருந்து தொடர வராது, மறுபடி ஏக்கில் தொடங்க வேண்டும்.

ஆனால் மனிதர் அந்தப் பத்து எண்ணை வைத்தே குடும்பம் நடத்தினார். மெதுவாக இழுத்து "ஏக், தோ?" என்றால் சாயா. சட்டென்று உரக்க வந்தால் ஃபேனைப் போடு. ஆசான் பார்க்க வரும்போது இரண்டு பேரும் பழையபடி உட்காருவார்கள். ஆசான் ஏதோ சொல்ல, அப்பா "தீன், சார், பாஞ்ச்" என்று குறுக்கே பேச, ஆசான் "அது நீரு சொல்லுறது செரிதான்" என்று தலையாட்டுவார். என்ன விளங்கியதோ.

2023 பிப்ரவரியில் போனார். முன்னாள் ராணுவத்தினர் வந்து வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். அண்டி ஆபீஸ் அக்காமார் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கைக்கறையோடு வந்து நின்றார்கள்.

இப்போது அம்மாவுக்கு இடது முட்டு வலி. நான் இருப்பது நாகர்கோவிலில், ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் எண்ணிக்கொடுக்கிறேன். அம்மா அரைக்கிலோ மணல்பையைக் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நேற்று ஆட் வரை வந்தபோது காலைத் தொங்கப்போட்டுவிட்டு, "நீ எதுக்கு பஸ்ஸப் பிடிக்கப் போறது மாதிரி எண்ணுற? அப்பா இப்பிடி எண்ண மாட்டாவ. முதல்ல இருந்து வா" என்றாள்.