கட்டடக் கேள்வி பதில்: மூங்கில் மண்டபம், ஊர்க் கூட்டம், எலிப்பொறிச் சுவர்

பர்மாவில் (மியன்மாரில்) ஊர்ப் பொதுக் கட்டடங்களுக்குக் கூலி வாங்காமல் வரைபடமும் யோசனையும் தரும் பொறியாளர்களும் கொத்தனார்களும் இந்த மாதம் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்கள்.

கேள்வி: மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் 20 அடிக்கு 40 அடியில் ஒரு பொது மண்டபம் கட்ட நினைக்கிறோம். கான்கிரீட்டுக்குப் பணம் போதாது. மூங்கில் ஊரிலேயே கிடைக்கிறது. ஆனால் இரண்டே வருஷத்தில் உளுத்துவிடும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
*வாசகர், தட்டோன்*

பதில்: பெரியவர்கள் சொல்வது சரிதான். பச்சை மூங்கிலை அப்படியே மண்ணில் நட்டால் இரண்டு, மூன்று வருஷம் நிற்பதே பெரிது. ஆனால் அது மூங்கிலின் குற்றம் இல்லை. வெட்டிய காலம் தவறு, மருந்து ஏற்றவில்லை, மண்ணில் பட்டது: கெடுவதற்குக் காரணம் இந்த மூன்றும்தான். மூன்றையும் சரிசெய்தால் மண்டபம் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்படும்.

மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துதான் வண்டுக்குத் தீனி. குருத்து விடும் மழைக்காலத்தில் வெட்டாதீர்கள். மழை விட்டபின், மார்கழி, தை மாதங்களில் வெட்டுங்கள். வயது மூன்றுக்குக் குறையக் கூடாது, ஐந்தைத் தாண்டவும் வேண்டாம். பளபளப்பான பச்சையும் கணுவில் ஒட்டிய பாளையும் இருந்தால் அது இளசு. பச்சை மங்கி, வெள்ளையும் சாம்பலுமாகப் பூஞ்சைத் திட்டுகள் படர்ந்திருப்பதே முற்றியது. பர்மிய மூங்கில் வகைகளில், தூணுக்குச் சுவர் தடித்த கியாத்தவுங் நல்லது. தின்வா மெல்லியது, தட்டி முடையத்தான் ஆகும்.

வெட்டிய ஓரிரு நாளுக்குள், பச்சையாக இருக்கும்போதே மருந்து ஏற்ற வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்குப் போராக்ஸ் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ. குளிர்ந்த நீரில் சீக்கிரம் கரையாது. முதலில் ஒரு பங்கு நீரைச் சூடாக்கி அதில் கரைத்துவிட்டு, மீதி நீரைச் சேருங்கள். நீண்ட இரும்புக் கம்பியால் மூங்கிலின் உள்கணுக்களைக் குத்தித் திறந்துவிட்டு, அடிக்கணுவை மட்டும் மூடியபடி விடுங்கள். மூங்கிலைச் சாரத்தில் செங்குத்தாகச் சாய்த்து நிறுத்தி, மேலிருந்து கரைசலை நிரப்புங்கள். சுவர் உறிஞ்ச உறிஞ்ச மட்டம் இறங்கும். தினமும் பார்த்து நிரப்பிக்கொண்டே இருங்கள். 14 நாள் கழித்து அடிக்கணுவைக் குத்தி, வடியும் கரைசலைப் பிடித்து அடுத்த தொகுதிக்குப் பயன்படுத்துங்கள். பிறகு நிழலில் ஒரு மாதமாவது உலர வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

மருந்து ஏறியதா என்று பார்க்க மஞ்சளே போதும். மஞ்சள் தூளைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்து, குறுக்கே வெட்டிய முகத்தில் தடவி உலரவிடுங்கள். அதன்மேல் சாலிசிலிக் அமிலம் கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டால், மருந்து ஏறிய இடம் சிவக்கும், ஏறாத இடம் மஞ்சளாகவே நிற்கும். அமிலத்தைக் கையாளப் பழகியவர் மட்டும் இதைச் செய்யட்டும். மிஞ்சிய கரைசலைக் கிணற்றடியிலோ வயலிலோ கொட்டாதீர்கள், பயிர் கருகிவிடும்.

இந்த மருந்து தண்ணீரில் கரைந்து வந்தது, தண்ணீரிலேயே கரைந்து போகும். அதனால் மழை படும் மூங்கிலில் அது நிலைக்காது. கூரை இறவாணம் சுற்றிலும் 4 அடி வெளியே நீள வேண்டும். தூண் தரையில் இறங்கக் கூடாது. ஒன்றரை அடி உயரக் கான்கிரீட் பீடம் போட்டு, அதில் 12 மி.மீ. கம்பியை நிறுத்தி, மூங்கிலை அதன்மேல் இறக்கி, அடியில் உள்ள இரண்டு கணுவறைகளில் சிமென்ட் கலவை ஊற்றுங்கள். வெள்ளம் ஏறும் இடமானால் பீடத்தின் உயரத்தைப் பழைய வெள்ளக் கோடு தீர்மானிக்கட்டும்.

ஆணி வேண்டவே வேண்டாம், மூங்கில் நீளவாக்கில் பிளந்துபோகும். கணுவுக்கு அருகில் துளையிட்டு போல்ட் போடுங்கள். போல்ட் இறுக்கும் கணுவறையில் கலவை நிரப்பாவிட்டால் மூங்கில் நசுங்கும். புது மூங்கில் மண்டபங்களில் முதலில் கெடுவது இந்த இணைப்புகள்தான்.

கேள்வி: நூறு வருஷத்துக்கு மேலான சுண்ணாம்புச் சுவர் உள்ள கோயில் மடம். காரை உதிர்கிறது. சிமென்ட் பூசலாமா?
*வாசகர், ரங்கூன்*

பதில்: கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், உள்ளே தேங்கும் ஈரமும் உப்பும் செங்கல்லையே பொடியாக்கும். பூச்சு இரண்டு மழைக்குள் பலகை பலகையாகப் பெயர்ந்து விழும், பழைய காரையையும் இழுத்துக்கொண்டு. நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் நீருக்கடியில் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்துப் பூசுங்கள். அதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கூரை ஓட்டை, அல்லது சுவரடியில் தேங்கும் தண்ணீர்.

கேள்வி: பொதுக் கட்டடம் என்று கூட்டம் போட்டால் நாலு பெரியவர்கள் மட்டும் பேசுகிறார்கள். பெண்கள் வாயே திறப்பதில்லை. கட்டி முடித்தபின் எல்லோரும் குறை சொல்கிறார்கள். இதற்கு வழி உண்டா?
*வாசகி, மோல்மேன்*

பதில்: உண்டு, அம்மா. இந்த மாதக் கேள்விகளில் இதையே முதன்மையானதாக நினைக்கிறோம். சிமென்ட் கெட்டதால் வீணான பொதுக் கட்டடங்களைவிட, கேட்காமல் கட்டியதால் பூட்டிக் கிடப்பவை அதிகம்.

காகித வரைபடத்தை விரித்து வைத்தால் படித்தவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில் மனையிலேயே கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கட்டடத்தை முழு அளவில் தரையில் வரையுங்கள். எல்லோரையும் உள்ளே நடக்கச் சொல்லுங்கள். சோற்று அண்டாவை இருவர் தூக்கிக்கொண்டு வாசல் கோட்டுக்குள் நுழைந்து பார்க்கட்டும். மூன்றடி வாசல் போதாது, ஐந்தடி வேண்டும் என்பதை அப்போது எவரும் வாதாட வேண்டியதில்லை. சமையலிடத்துப் புகை பந்திக்கு வருமா, கழிப்பறைக்கு இரவில் போகும் வழியில் வெளிச்சம் உண்டா, முழங்கால் வலிக்கும் பாட்டிக்குப் படி எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அங்கேதான் வெளிவரும். கோடு தரையில் இருக்கும்வரை மாற்றுவதற்குச் செலவில்லை.

பெண்களுக்குத் தனிக் கூட்டம், அவர்களுக்குத் தோதான நேரத்தில், பெண்ணே நடத்தும்படி வையுங்கள். பிறகு வாக்கு. கிணறு, சமையலிடம், பிள்ளைகள் படிக்கும் அறை, மேடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டி. ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, வேண்டிய சட்டியில் போடச் சொல்லுங்கள். சட்டிக்கு முன்னால் திரை இருக்கட்டும். யார் எதில் போட்டார் என்று தெரியாவிட்டால்தான் மருமகளும் தன் மனம்போல் போடுவாள்.

முடிவுகளைத் தமிழிலும் பர்மியத்திலும் எழுதி வாசித்துக் காட்டுங்கள். இளைஞர் பலருக்குப் பர்மிய எழுத்துதான் சரளம். அவர்களை விட்டுவிட்டால் நாளைக்குப் பராமரிக்க ஆள் இருக்காது.

மூன்று காரியங்களை அடிக்கல்லுக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது நிலம். அது பதிவில் விளைநிலமாக இருந்தால், வேறு பயனுக்கு மாற்றும் அனுமதி (வழக்கில் லா-ன-39 என்பார்கள்) இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். இரண்டாவது கணக்கு. வரவு செலவை வாரந்தோறும் பலகையில் ஒட்டுங்கள், காலியான சிமென்ட் பைகளையும் எண்ணி எழுதுங்கள். மூன்றாவது சாவி. யாரிடம் இருக்கும், அவர் ஊரில் இல்லாதபோது யாரிடம் என்று பெயரோடு எழுதி வையுங்கள்.

உடலுழைப்பு தருவோரை மண் வெட்டவும், சுமக்கவும், மூங்கிலுக்கு மருந்து ஏற்றவும் அழைக்கலாம். கம்பி கட்டுவதும் கலவை போடுவதும் கூலிக்குத் தேர்ந்த கைகள் செய்ய வேண்டியவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடி வேலை செய்யும் ஊர்களில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: ஞாயிறு கான்கிரீட் போட்டுவிட்டு அடுத்த ஞாயிறுவரை யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. குறைந்தது ஏழு நாள் அது ஈரமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல் மிச்சமாகும் என்கிறார்களே, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆகுமா?
*வாசகர், பெகு*

பதில்: செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு 9 அங்குலச் சுவர் எழுப்புவதுதான் எலிப்பொறிக் கட்டு. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதைப் பரவலாக்கினார். ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம், வெற்றிடத்தால் வெக்கையும் குறையும். நல்ல முறை.

ஆனால் நீங்கள் இருப்பது பெகு. நிலநடுக்கம் உண்டாக்கும் சகாயிங் நிலப்பிளவு உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிறது. 1930 மே 5 அன்று பெகுவைச் சாய்த்ததும் அந்தப் பிளவுதான், 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் மாந்தளையையும் சகாயிங்கையும் நொறுக்கியதும் அதே பிளவுதான். வெற்று எலிப்பொறிச் சுவரைப் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கட்டத்தான் வேண்டுமென்றால் தரைத்தளம் மட்டும். மூலைகளிலும் கதவு ஜன்னல் ஓரங்களிலும் வெற்றிடத்துக்குள் 12 மி.மீ. கம்பி நிறுத்தி, அந்தக் குழியைக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். பீடம், ஜன்னல் தலை, கூரையடி ஆகிய மூன்று மட்டத்திலும் கட்டடத்தை இடைவெளியின்றிச் சுற்றிவரும் கான்கிரீட் பட்டை வேண்டும். கம்பி கணக்கைப் பொறியாளர் பார்க்கட்டும்.

இன்னொன்று: கையால் அறுத்த செங்கல் கோணலாக இருந்தால் இடைவெளியெல்லாம் கலவையே தின்னும், மிச்சம் ஒன்றும் நிற்காது. பத்துச் செங்கல்லை வரிசையாக வைத்து அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் பக்கத்தில் வழக்கமான மரச்சட்டத்துக்குள் செங்கல் நிரப்பும் பிரிக் நாக்கிங் முறையை விட்டுவிட வேண்டியதில்லை. அதில் சட்டம் ஆடும்போது செங்கல் தனியே வெளியே விழுவதுதான் ஆபத்து. நான்கு வரிசைக்கு ஒரு முறை கம்பிவலைப் பட்டை வைத்து இருபுறத் தூணிலும் அடித்துவிடுங்கள். மூலைகளில் சாய்கட்டை கொடுங்கள். தூணின் அடி மக்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கேள்வி: தகரக் கூரையடியில் பங்குனி, சித்திரையில் உட்காரவே முடியவில்லை. மேலே சுண்ணாம்பு அடிக்கலாமா?
*வாசகி, மாந்தளை*

பதில்: துத்தநாகத் தகரத்தில் சுண்ணாம்பு வேண்டாம், அதன் காரம் துத்தநாகத்தை அரிக்கும். வெளிக்கூரைக்கான வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் அடியுங்கள். அதைவிடப் பலன் தருவது, தகரத்துக்கு அரை அடி, முக்கால் அடி கீழே மூங்கில் தட்டி விதானம். இடையில் உள்ள சூடான காற்று வெளியேற முகட்டில் நாலங்குலத் திறப்பும் மேலே மழைமூடியும், இறவாணத்தில் காற்று நுழைய வழியும் வேண்டும். இந்த வழிகளை அடைத்துவிட்டு விதானம் மட்டும் கட்டினால் பாதிப் பலன்தான். மழைச் சத்தமும் குறையும்.

கேள்வி: சுடாத மண் கல் எந்த மண்ணில் செய்யலாம்?
*வாசகர், பியாப்போன்*

பதில்: உங்கள் ஐராவதி டெல்டாவின் கரிய களிமண் தனியாக உதவாது, காய்ந்தால் வெடிக்கும். 1989இல் தொடங்கி இந்த வேலையையே செய்துவரும் ஆரோவில் மண் கட்டடக் கழகம் சிமென்ட் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்யும் கல்லுக்குச் சொல்லும் மண் கலவை: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 விழுக்காடு. கண்ணாடிப் புட்டியில் மண்ணும் தண்ணீரும் குலுக்கி ஒரு நாள் வைத்தால் அடுக்கடுக்காகப் படியும், உங்கள் மண் எப்படி என்று தெரிந்துவிடும். குறைகிற மணலைச் சேருங்கள். வேர் ஓடிய மேல்மண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

கலவையின் எடையில் சிமென்ட் நூற்றுக்கு ஐந்து. ஒரு கல் 7 கிலோ என்றால் 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 140 கல். ஈரப்பதம் அறிய ஒரு பிடி கலவையை உருட்டி இடுப்புயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டானால் சரி, பொடியானால் தண்ணீர் குறைவு, உருண்டை உடையாமல் கிடந்தால் அதிகம். தண்ணீர் சேர்த்த கலவையை ஒரு மணிக்குள் அழுத்தி முடியுங்கள். நாலு வாரம் மூடி ஈரமாக வையுங்கள். டெல்டாவுக்கு மணல் படகில் வர வேண்டும் என்றால், முதலில் அந்தச் செலவைக் கணக்குப் பாருங்கள். பல கிராமங்களுக்கு மூங்கிலே கட்டுப்படியாகும்.

கேள்வி: மண்டபக் கூரைத் தண்ணீர் கோடைக் குடிநீருக்குப் போதுமா? இருபது குடும்பம் இருக்கிறோம்.
*வாசகர், தட்டோன் அருகே*

பதில்: போதும். முதல் கேள்வியில் சொன்ன மண்டபத்தை நாலடி இறவாணத்தோடு எடுத்தால் கூரை 28 அடிக்கு 48 அடி, 1,344 சதுர அடி. ஓரங்குல மழைக்குச் சிந்தியது போக 2,500 லிட்டர் கிடைக்கும். நூறு பேர், ஆளுக்கு 3 லிட்டர், திசம்பர் முதல் ஏப்ரல்வரை 150 நாள்: 45,000 லிட்டர். அதற்கு 18 அங்குல மழை போதும், உங்கள் பக்கத்தில் அது ஒரு மாதத்திலேயே கொட்டிவிடும். ஆகவே சேமிக்கும் தொட்டியில்தான் பணம் போடவேண்டும். ஒரே பெரிய தொட்டி வேண்டாம். ஒன்றில் விரிசல் விட்டாலும் மற்றவை காக்கும்படி, 9 அடி விட்டமும் எட்டரை அடி உயரமும் கொண்ட மூன்று தொட்டிகள். ஒவ்வொன்றும் சுமார் 15,000 லிட்டர் பிடிக்கும்.

மழை தொடங்கியதும் வரும் முதல் 100 லிட்டரைத் தனிப் பீப்பாயில் விட்டுக் கழியுங்கள், தூசியும் பறவை எச்சமும் அதோடு போகும். தனி எனப்படும் நிப்பா பனை ஓலைக் கூரைத் தண்ணீர் நிறம் ஏறி வரும், குடிக்க ஆகாது. தகரம் வேண்டும். தொட்டியின் ஒவ்வொரு வாயிலும் கொசுவலை கட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்கிக் கொசுவைத்தான் வளர்ப்பீர்கள். தொட்டிகளைக் கடைசி மழைகளில் நிரப்பும்படி, ஐப்பசிக்கு முன் ஒரு முறை காலிசெய்து கழுவிவிடுங்கள்.