சாஃப்ட்பால் கேள்வி பதில்: பெயர் கொடுத்த பிள்ளைகள் ஏன் மைதானத்துக்கு வருவதில்லை?

சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலைப் போன்ற, ஆனால் பந்தைக் கீழ்க்கையாக வீசும் ஆட்டம். அதில் 10 முதல் 16 வயது வரையுள்ள பெண்கள் அணிகளுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியவை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: கோச், 12 வயதுக்குட்பட்ட அணியை இந்த வருடம்தான் எடுத்தேன். பட்டியலில் 14 பேர், பயிற்சிக்கு வருவது 7, 8 பேர். கொஞ்சம் கண்டிப்பு காட்டினால் சரியாகுமா?

இன்னும் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள், அவ்வளவுதான். முதல் வருடம் நானும் தாமதமாக வந்தவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். ஒரு பெண் 4 சுற்று ஓடிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனவள், அப்புறம் வரவே இல்லை. அவளைத் தாமதமாகக் கொண்டுவந்து விட்டது அவள் அப்பா. தண்டனை அவளுக்கு!

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 14 பேரையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு 10 பந்து நீங்களே வீசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 140 பந்து. பந்துக்கு 15 நொடி என்றால் 35 நிமிடம். அதில் ஒரு பிள்ளை மட்டையோடு நிற்பது இரண்டரை நிமிடம். மீதி நேரமெல்லாம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் அவளுக்கு வயிற்றுவலி வந்தால் ஆச்சரியமில்லை.

நாலு குழுவாகப் பிரித்துவிடுங்கள். ஒரு குழு ‘டீ’ என்னும் சிறு கம்பத்தின் மேல் பந்தை வைத்து வலைக்குள் அடிக்கட்டும். ஒன்று பக்கவாட்டிலிருந்து மெதுவாகப் போடும் பந்தை அடிக்கட்டும். மூன்றாவது, தரையில் உருண்டு வரும் பந்தை எடுத்து எறியட்டும். நாலாவதுக்குப் பேஸ் ஓட்டம், அதாவது ஆடுகளத்தின் மூலைகளில் உள்ள பேஸ்களை வரிசையாகத் தொட்டு ஓடுவது. 8 நிமிடத்துக்கு ஒரு விசில், இடம் மாறு. மட்டை சுழலும் இடங்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் நிற்கட்டும். ஓரமாக நின்று கைபேசி பார்க்கும் பெற்றோருக்கும் ஒரு வேலை ஆயிற்று.

இன்னொன்று: பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டைக் கடைசியில் வைக்காதீர்கள், முதல் 10 நிமிடத்தில் வையுங்கள். என் அணியில் பேஸ் திருடும் போட்டிதான் அது, அதாவது பந்து அடிபடக் காத்திருக்காமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது. பிட்ச்சர் (பந்து வீசுபவர்) கையை விட்டுப் பந்து கிளம்புகிறவரை பேஸைவிட்டு நகரக்கூடாது, கிளம்பிய நொடியில் பாய வேண்டும். அது போய்விடுமே என்று பிள்ளைகளே பெற்றோரை அவசரப்படுத்துவார்கள்.

வராத பிள்ளையிடம் “ஏன் வரலே?” என்று கேட்காதீர்கள். “நேத்து ரெண்டாவது பேஸ்ல நீ இல்லாம திண்டாடிட்டோம்” என்று சொல்லிப் பாருங்கள். தான் இல்லாததை ஒருவர் கவனித்தார் என்று தெரிவது பெரிய விஷயம்.

கேள்வி: அப்படியானால் பயிற்சிக்கு வராதவரையும் ஆட்டத்தில் இறக்க வேண்டுமா? ஒழுங்காக வருகிறவர்கள் முகத்தைத் தூக்குகிறார்கள்.

தூக்கத்தான் செய்வார்கள், நியாயம் அவர்கள் பக்கம். நான் செய்வது இது: பயிற்சிக்கு வராதவர் ஆட்டத்தைத் தொடங்க மாட்டார், ஆனால் பிற்பாதியில் கட்டாயம் இறங்குவார். வர முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அது விடுப்பு, கணக்கில் சேராது. சீசன் தொடங்கும் முன்பே பெற்றோரைக் கூட்டி இதைச் சொல்லி, எழுதியும் கொடுத்துவிடுவேன்.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? உங்கள் நல்ல பிட்ச்சரே பயிற்சிக்கு வராத வாரத்தில். அன்று அவளை முதல் இன்னிங்ஸில் இறக்கினீர்கள் என்றால் உங்கள் விதி அன்றோடு செத்தது. ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை என்று உட்கார வைத்திருக்கிறேன். தோற்றும் இருக்கிறோம்.

கேள்வி: என் மகளை எப்போதும் ரைட் ஃபீல்டில்தான், அதாவது வெளிவட்டத்தின் வலது பக்கத்தில்தான் நிறுத்துகிறார்கள். அழுகிறாள். நான் கோச்சிடம் சண்டை போடலாமா?

சண்டை வேண்டாம். ஆட்டம் நடக்கும்போது பேசவே பேசாதீர்கள். இன்னொரு நாள் உங்கள் மகளே போய், “உள்வட்டத்தில் நிற்க நான் எதைக் கற்றுக்கொள்ளணும் கோச்?” என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி வந்தால் எந்தப் பயிற்சியாளருக்கும் மனசு இளகும்.

ஆனால் ரைட் ஃபீல்ட் ஒன்றும் தண்டனைக் கொட்டடி இல்லை. பேஸ்களுக்கு இடையே 60 அடிதான். அந்தப் பக்கம் வேகமாக வரும் பந்தை முன்னால் ஓடிவந்து எடுத்து, முதல் பேஸுக்கே எறிந்து அவுட் ஆக்கலாம். முதல் பேஸுக்கு வரும் எறி தவறினால் பின்னால் காப்பதும் அவள்தான். இதை யாரும் சொல்லித் தராததால்தான் அழுகிறாள். அதோடு, 12 வயது வரை எல்லாரையும் எல்லா இடத்திலும் மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: எங்களிடம் பிட்ச்சர் ஒருத்திதான். கீழ்க்கை வீச்சு தோளைக் கெடுக்காது என்கிறார்களே? ஒலிம்பிக்கில் ஒரு ஜப்பான் வீராங்கனை 400 பந்துக்கு மேல் வீசினாராமே?

வீசினார். 2008 பெய்ஜிங்கில் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் 3 ஆட்டங்களில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் சாஃப்ட்பாலே இல்லை. 2021இல் டோக்கியோவில் திரும்ப வந்தபோது, 39 வயதில் இறுதி ஆட்டத்தில் வீசி மறுபடியும் தங்கம். கேட்டாலே சிலிர்க்கும். ஆனால் பெய்ஜிங்கில் அவருக்கு 26 வயது, உங்கள் பிள்ளைக்கு 13.

காற்றாடிபோலக் கையைச் சுழற்றி வீசும்போது தோளின் முன்பக்கமும் கைத்தசையும் பலமாக இழுபடும். கெடுக்காது என்பது கட்டுக்கதை. இன்னும் இரண்டு பேரை இன்றே பழக்குங்கள். பழக்கும்போது பிட்ச்சருக்கும் அடிப்பவர் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் குறையுங்கள்: 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு 35 அடியும் சுற்றளவு 11 அங்குலப் பந்தும், 12க்குட்பட்டவர்களுக்கு 40 அடி, அதற்கு மேல் 43 அடி என்பது பரவலாக உள்ள அளவு. வலி என்று அவள் சொன்னால் அன்றைக்கு வீச்சு முடிந்தது, பேச்சே இல்லை. ஒரே பிட்ச்சர் உள்ள அணியில் அந்தப் பெண் சலித்து விலகினால் அணியே கலைந்துவிடும்.

கேள்வி: பந்து வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஒரு முறை பட்டிருக்கும். டென்னிஸ் பந்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கெட்டிப்படுத்துங்கள். ஃபீல்டிங்குக்கும் முகக்கவசம் கொடுங்கள். “பயப்படாதே” என்று கத்துவதால் யாருக்கும் பயம் போனதில்லை.

கேள்வி: தேர்வு நேரத்தில் பாதி அணி காணாமல் போகிறது. சிலர் கூடைப்பந்துக்கும் போகிறார்கள்.

போகட்டும். தேர்வு வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும், விருப்பமிருந்தால் வா என்று வைத்துவிடுவேன். வேறு ஆட்டம் ஆடும் பிள்ளையின் கால்வேகம் நமக்குத்தான் லாபம். எங்களிடம் மட்டும்தான் ஆட வேண்டும் என்று 12 வயதுப் பிள்ளையிடம் கேட்பது அராஜகம்.

கேள்வி: எனக்கு 14 வயசு. சீசன் நடுவில் நின்னுடலாம்னு இருக்கேன். கோச்கிட்ட எப்படிச் சொல்றது?

நீயே நேரில் சொல்லும்மா. அம்மாவை அனுப்பாதே, சும்மா வராமலும் இருந்துவிடாதே. அதற்கு முன் ஒன்றை மட்டும் யோசி: ஆட்டம் பிடிக்கவில்லையா, அணியில் யாரோ ஒருவரைப் பிடிக்கவில்லையா? இரண்டாவது என்றால் அதையே கோச்சிடம் சொல். அது சரிசெய்யக்கூடியது. யாராவது உன்னைப் பயமுறுத்தினால், அது கோச்சாகவே இருந்தாலும், இன்றே வீட்டில் சொல்லிவிடு. ஆட்டமே பிடிக்கவில்லை என்றால், முடிந்தால் இந்த சீசனை மட்டும் முடித்துக் கொடு, உன் இடத்துக்கு வேறொருத்தியைப் பழக்க அவர்களுக்கு நேரம் வேண்டுமே. முடியாவிட்டால் இந்த வாரமே சொல்லிவிடு. உன் கோச் கோபித்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் ஆறிவிடும், எனக்கும் அப்படித்தான்.