வீட்டுக் கதவு, யன்னல்களுக்கு ஸ்பிறே முறையில் பெயின்ற் பூச எந்தக் கொம்பிறசர் வாங்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: யாழ்ப்பாணத்திலுள்ள பழைய வீட்டின் எட்டுக் கதவுகளுக்கும் பன்னிரண்டு யன்னல்களுக்கும் முன் படலைக்கும் நீங்களே எனாமல் பெயின்ற் பூச விரும்புகிறீர்கள், அதற்கு 25 லீற்றர் தாங்கியுள்ள கொம்பிறசர் போதுமா, 50 லீற்றர் வேண்டுமா, அல்லது மின்சாரத்தில் இயங்கும் கை ஸ்பிறேயர் ஒன்றே போதுமா?

தாங்கியின் அளவிலிருந்து யோசிக்கத் தொடங்காதீர்கள். எந்தப் பெயின்றை எந்தப் பொருளில் பூசப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற ஸ்பிறே கன்னைத் தெரிந்து, அந்தக் கன் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்றைக் கேட்கிறது என்பதை அறிந்த பின்னரே கொம்பிறசர் பக்கம் போக வேண்டும். நான் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்தேன். தங்கையின் கலியாணத்துக்கு முன்பு உரும்பிராயிலுள்ள எங்கள் வீட்டுக் கதவுகளுக்குப் பெயின்ற் பூசுவதற்காக, 1 குதிரைவலுவும் 25 லீற்றர் தாங்கியும் கொண்ட கொம்பிறசரை வாங்கி, அதனுடன் எச்.வி.எல்.பி. எனப்படும், குறைந்த அமுக்கத்தில் அதிக காற்றை வெளிவிடும் வகைக் கன் ஒன்றையும் வாங்கினேன். கதவின் மேற்பலகை கண்ணாடி போல வந்தது. கீழ்ப்பலகைக்குப் போவதற்குள் விசிறல் ஒடுங்கி, பெயின்ற் துளித்துளியாகத் துப்பி, தோடம்பழத் தோல் போலக் காய்ந்தது. அந்தக் கதவுகளைச் செய்த ஓடாவியார் வந்து பார்த்துவிட்டு, "கன் கேக்கிற காத்தை மிசின் குடுக்கேல்லை, தம்பி" என்றார். அவர் சொன்னதுதான் முழு விடயமும்.

அதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். 25 லீற்றர் தாங்கி 8 பார் அமுக்கத்திலிருந்து 4 பாருக்கு இறங்கும்போது அது வெளிவிடுவது, சாதாரண காற்றாகக் கணக்கிட்டால், 25 இன் நான்கு மடங்கான 100 லீற்றர் மட்டுமே. எச்.வி.எல்.பி. கன்கள் பலவும் நிமிடத்துக்கு 250 முதல் 400 லீற்றர் வரை கேட்பவை. உங்கள் கன் 280 லீற்றர் கேட்கிறது, மோட்டர் 70 லீற்றரைத் திரும்ப நிரப்புகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நிமிடமும் 210 லீற்றர் பற்றாக்குறை. ஆகவே அந்த 100 லீற்றரும் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். தாங்கியை 50 லீற்றராக்கினாலும் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது இன்னுமோர் அரை நிமிடம்தான். தாங்கி ஒரு சேமிப்பு மட்டுமே. கதவை முடித்துத் தருவது மோட்டர் இடைவிடாது தள்ளும் காற்று. கிணற்றிலிருந்து இறைக்கும் பம்பு சிறிதாக இருக்கையில் மேல்தொட்டியைப் பெரிதாக்கித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச முடியாது அல்லவா.

கடையில் காட்டும் இலக்கத்தையும் அப்படியே நம்பக் கூடாது. பல சிறிய கொம்பிறசர்களின் தகட்டில் எழுதியிருப்பது உள்ளே இயங்கும் ஆடுதண்டு (பிஸ்ரன்) இடம்பெயர்க்கும் கனவளவு. அமுக்கத்தின் கீழ் உண்மையில் வெளிவரும் காற்று அதைவிட மூன்றிலொரு பங்களவு குறைவாகவே இருக்கும். கைநூலில் வெளியேற்றும் காற்றின் அளவு தனியாகத் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தரப்படவில்லையென்றால் நீங்களே மூன்றிலொரு பங்கைக் கழித்துக்கொள்வது பாதுகாப்பானது.

உங்கள் வேலைக்கு நான் பரிந்துரைப்பது, மேலே கிண்ணமுள்ள, நிமிடத்துக்கு 100 முதல் 170 லீற்றர் வரையில் நிறைவடையும் எல்.வி.எல்.பி. எனப்படும், குறைந்த அமுக்கத்தில் குறைந்த காற்றையே வெளிவிடும் வகைக் கன். எனாமலுக்கு 1.7 மில்லிமீற்றர் நொசிலும், மரத்துக்கு வார்னிஷோ லக்கரோ அடிப்பதானால் 1.3 அல்லது 1.4 மில்லிமீற்றர் நொசிலும் பொருந்தும். அந்தக் கன்னுக்கு 2 குதிரைவலுவும் 50 லீற்றர் தாங்கியும் உள்ள கொம்பிறசர் பெரும்பாலும் ஈடுகொடுக்கும்; அது உண்மையில் வெளியேற்றும் காற்று உங்கள் கன் கேட்பதைவிடக் குறையாததா என்று மட்டும் பாருங்கள். பழைய உயர் அமுக்கக் கன்கள் மலிவானவைதாம். ஆனால் அவற்றில் பெயின்றின் பெரும்பகுதி பலகையில் ஒட்டாமல் புகையாகப் போய்விடுகிறது. எனாமல் விற்கும் விலையில் அந்த இலாபம் இரண்டாவது வாளியிலேயே கரைந்துவிடும்.

கொம்பிறசருக்கு வேறு தேவை எதுவும் இல்லாத வீடு என்றால், ஊதுவிசிறி தரையிலிருக்க, நீண்ட குழாயின் முனையில் கன் இருக்கும் மின் ஸ்பிறேயரே எனது தெரிவாக இருக்கும். அதில் தாங்கியும் இல்லை, தாங்கிக்குள் சேரும் நீரும் இல்லை. கையிலேயே மோட்டர் இருக்கும் சிறிய வகை, பாரத்தால் மணிக்கட்டைக் களைக்கச் செய்வதோடு, எனாமலை நன்றாக இளக்கினால் மட்டுமே ஒழுங்காக விசிறும். இளக்கும் அளவைக் கண்மதிப்பில் விடாமல், பல ஸ்பிறேயர்களுடன் வரும் துளையிட்ட அளவுக் குவளையிலிருந்து பெயின்ற் வடிந்து முடிய எடுக்கும் நேரத்தை வைத்து ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

படலை இரும்புக் கம்பிகளால் ஆனதாக இருந்தால் அதற்கு ஸ்பிறே வேண்டாம். கம்பிகளுக்கிடையில் இருப்பது வெறும் வெளி. பெயின்றில் பாதிக்கு மேல் அயல்வீட்டு மதிலுக்குப் போய்ச் சேரும். யன்னல் கிராதிக்கும் இதுவே பொருந்தும். இவற்றுக்குத் தூரிகையே நல்லது. சுவர்களுக்கு ரோலர் போதும். காற்றின்றிப் பெயின்றையே 200 பார் அளவில் தள்ளும் இயந்திரத்தைச் சிலர் சுவருக்குச் சிபாரிசு செய்வார்கள். அதன் முனை விரலில் பட்டால் பெயின்ற் தோலுக்குள் ஏறிவிடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் அது உடனடியாக வைத்தியசாலைக்குப் போகவேண்டிய, விரலையே இழக்கச் செய்யக்கூடிய காயம்.

நம் ஊரில் அதிக கவனம் கொள்ள வேண்டியது நீர். கடற்காற்று நிறைந்த இக்குடாநாட்டில் ஈரப்பதன் மிகுதி. அமுக்கப்பட்ட காற்றுச் சூடாகித் தாங்கிக்குள் குளிரும்போது அந்த ஈரம் நீராகப் படிகிறது. அது கன் வழியாக வந்தால் எனாமலில் குழிகள் விழும்; லக்கர் பால் படர்ந்தது போல வெளிறிவிடும். வேலை தொடங்க முன்னரும் முடிந்த பின்னரும் தாங்கியின் அடித்திருகைத் திறந்து நீரை வெளியேற்றுங்கள். நீர் பிரிப்பானைக் கொம்பிறசரின் வாயிலேயே பூட்டாமல் குழாயின் மறுமுனையில், கன்னுக்குக் கிட்டப் பூட்டுங்கள். சூடான காற்றிலிருக்கும் நீராவியை அதனால் பிடிக்க இயலாது, குளிர்ந்து துளியான பின்னர்தான் பிடிக்கும்.

தூரத்திலுள்ள கதவை எட்டுவதற்கு மெல்லிய மின்வயரை நீட்டாதீர்கள். வயர் நீள நீள வோல்ற்றளவு இறங்கி, மோட்டர் தொடங்க முடியாமல் முனகிச் சூடேறும். நீட்ட வேண்டியது காற்றுக் குழாயையே. அதுவும் உள்விட்டம் 8 மில்லிமீற்றருக்குக் குறையாததாக இருக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு: கொம்பிறசரின் ஆளி ஒவ்வொரு முறை வெட்டும்போதும் பொறி பறக்கும். தின்னர் ஆவி சூழ்ந்த அறையில் அது இருக்கவே கூடாது. காற்று வரும் பக்கத்தில் வெளியே வையுங்கள். சுவாமி அறை விளக்கையும் அடுப்பையும் அணைத்த பிறகே கன்னைக் கையில் எடுங்கள்.

மூக்கை மறைக்கும் துணியோ தூசு முகமூடியோ தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். வாகனங்களுக்கு அடிக்கும், கடினமாக்கி கலக்கும் இருபகுதிப் பெயின்றை வீட்டில் பயன்படுத்தும்படி யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதிலுள்ள ஐசோசயனேற்றுக்கள் என்னும் இரசாயனங்கள் நிரந்தரமான ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை.

நாளைத் தெரிவதும் கருவியைத் தெரிவதைப் போல முக்கியமானது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் தூசு ஈரமான எனாமலில் வந்து ஒட்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. பங்குனியில் பனி விலகிய பிறகு, காலை ஒன்பது மணியளவில், கதவுகளைக் கழற்றித் தாழ்வாரத்தில் நிறுத்தி, நிலத்தில் நீர் தெளித்துப் புழுதியை அடக்கி, பழைய பலகை ஒன்றில் இரண்டு நிமிடம் விசையை விடாமல் அழுத்திப் பாருங்கள். அந்த இரண்டு நிமிடமும் விசிறல் ஒடுங்காமல் நின்றால் முதற்கதவைத் தொடங்கலாம்.