சின்ன வயதில் முழங்காலுக்குள் ஆபரேஷனா?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. சைக்கிளிலிருந்து விழுந்ததில் முழங்கால் வீங்கிவிட்டது. மூட்டுக்குள் ஓர் எலும்புத் துண்டு முழுதாகப் பெயர்ந்து நிற்பதாக எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொல்கிறார். ஆர்த்ரோஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டு, ஆபரேஷன் வேண்டுமாம். மாவுக்கட்டு போதாதா? வளர்கிற பிள்ளைக்குக் கால் குட்டையாகிவிடாதா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. முழங்காலின் நடுவில் ஏ.சி.எல். என்ற ஜவ்வு இருக்கிறது. பெரியவர்கள் விழுந்தால் பெரும்பாலும் அந்த ஜவ்வே அறும். சுமார் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, ஜவ்வைவிட அது பிடித்திருக்கும் எலும்புமுனை இளசு. அதனால் ஜவ்வு அந்த எலும்பையே பெயர்த்து எடுத்துவிடுகிறது. சைக்கிளிலிருந்து விழுந்து இப்படி வரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

துண்டு இடம் மாறாமல் இருந்தால் கட்டே போதும். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால், தேங்கிய ரத்தத்தை ஊசியால் எடுத்துவிட்டு, காலை நீட்டி வைத்துப் பார்ப்போம், படிந்தால் கட்டு. முழுதாகப் பெயர்ந்தால் ஆபரேஷன்தான் நல்லது. ஏனென்றால், அந்தக் கேமராவை உள்ளே விட்டால், மூட்டின் பிறைவடிவக் குருத்தெலும்பு துண்டுக்கு அடியில் சிக்கியிருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன், கதவிடுக்கில் மாட்டிய துணி மாதிரி. அதை விலக்காமல் எத்தனை வாரம் கட்டுப் போட்டாலும் எலும்பு சரியாக உட்காராது. இரண்டு மூன்று சிறு துளைகள் வழியாகவே விலக்கிவிடலாம்; பிறகு துண்டை நூலாலோ சிறிய ஸ்க்ரூவாலோ பிடிக்க வைப்போம்.

கால் குட்டையாகிவிடுமோ என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. கால் நீளத்தில் பெரும்பங்கு முழங்காலை ஒட்டிய வளர்ச்சித் தட்டுகளில்தான் (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதிகள்) வளர்கிறது. ஸ்க்ரூ போட்டால் அந்தத் தட்டைத் தாண்டாத அளவில் போடுவோம். நூல் என்றால் மெல்லிய துளையே போதும். எதைப் போடப்போகிறார், தட்டைத் தாண்டுமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது முட்டி இறுகிப்போவது. 11 வயதுப் பெண் ஒருத்திக்கு எலும்பு அழகாகக் கூடியது. ஆனால் வலிக்குமே என்று வீட்டில் வாரக்கணக்கில் காலை நீட்டியே வைத்திருந்தார்கள். மடக்க ஆரம்பியுங்கள் என்று நானும் அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது முட்டி பாதிகூட மடங்கவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை. உள்ளே வளர்ந்த தழும்புத் திசுவை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டது. அந்தக் குழந்தைக்கு அது வந்திருக்கவே கூடாது.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்: எந்த நாளிலிருந்து, எவ்வளவு மடக்கலாம்? துண்டு உறுதியாகப் பிடித்திருந்தால் சீக்கிரமே பிசியோதெரபி தொடங்கலாம். வலியில் கொஞ்சம் அழுவான். அதற்காக நிறுத்திவிடாதீர்கள். அதேசமயம், இறுகிய முட்டியை யாரும் பலவந்தமாக அழுத்தி மடக்கவும் விடாதீர்கள். தொடை எலும்பின் வளர்ச்சித் தட்டே உடைந்துவிடும் ஆபத்து உண்டு.

அப்புறம், ஓட்டம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் சில மாதங்கள் ஆகும். தொடைத் தசை அடுத்த காலுக்குச் சமமாகத் தேறியதை டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு சைக்கிளைக் கொடுங்கள்.