ஸ்டாஃப் டிக்கெட்டில் ஊருக்குப் போவது: கேட்டவையும் சொன்னவையும்

ஸ்டாஃப் டிக்கெட் என்பது ஏர்லைன் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் தள்ளுபடியில் கிடைக்கும் டிக்கெட். வளைகுடா விமான நிலையம் ஒன்றில் 17 வருடமாக செக்-இன் கவுண்டரிலும் விமானம் ஏறும் கேட்டிலும் வேலை பார்க்கிறேன். ஸ்டாண்ட்பை ஆட்களுக்கு, அதாவது சீட் உறுதியில்லாமல் காத்திருப்பவர்களுக்கு, சீட் போட்டுக் கொடுப்பதும் என் வேலைதான். லீவு வந்தால் நானும் அதே வரிசையில்தான் நிற்கிறேன். ஏர்லைன் வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, போன மாதம்தான் வேலையில் சேர்ந்தேன். ஐடி 90, ஸெட், சப்லோ என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

தம்பி, ஐடி 90 என்றால் முழுக் கட்டணத்தில் 90 சதவீதம் தள்ளுபடி. சப்லோ என்பது 'சப்ஜெக்ட் டு லோட்' என்பதன் சுருக்கம். காசு கொடுத்து வந்தவர்கள் எல்லாரும் போக, இடம் மிஞ்சினால் உங்களுக்கு. டிக்கெட்டில் ஆர்2 என்று இருந்தால் இந்த வகை. ஆர்1 என்றால் சீட் உறுதி, ஆனால் அது எல்லாருக்கும் கிடைக்காது.

ஸெட் என்பது ஒரு கம்பெனி ஊழியர் இன்னொரு கம்பெனி விமானத்தில் போவதற்கான ஒப்பந்தம். தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள். அதிலும் லோ, மீடியம், ஹை என்று மூன்று படி. இரண்டு கம்பெனிகளும் எந்தப் படியில் ஒப்புக்கொண்டிருக்கின்றனவோ அதுதான் உங்கள் விலை. வரியில் மட்டும் தள்ளுபடி கிடையாது. சில ஊர்களுக்கு டிக்கெட்டை விட வரி அதிகமாக வரும், பார்த்துத் திகைக்காதீர்கள்.

முக்கியமான ஒன்று: டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. எந்தத் தேதி, எந்த விமானம் என்று லிஸ்டிங் போட வேண்டும், அதாவது அந்த விமானத்தின் ஸ்டாண்ட்பை பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு லிஸ்டிங் இல்லாமல் கவுண்டருக்கு வருகிறவர்களை மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன்.

ஸ்டாஃப் டிக்கெட் வாங்கும் மைஐடிடிராவல் தளத்தில், இடம் உண்டு என்று பச்சை முகம் சிரித்தது. சீட் மேப்பில் நாற்பது இடம் காலி. இருந்தும் ஆஃப்லோட் ஆனேன், ஏற்றவில்லை. எப்படி சார்?

சீட் மேப்பை நம்பித்தான் நம் ஆட்களில் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். டிக்கெட் வாங்கியும் சீட் தேர்ந்தெடுக்காதவர்களின் இடமெல்லாம் அதில் காலியாகத்தான் தெரியும். டிராவல் ஏஜென்ட் திரையில் வகுப்பு எழுத்துக்குப் பக்கத்தில் 9 என்று இருக்கிறதே, அதுவும் காலி சீட்டின் எண்ணிக்கை இல்லை. அந்த விலையில் இன்னும் ஒன்பதோ அதற்கு மேலோ விற்கத் தயார் என்று மட்டுமே பொருள். பச்சை முகமும் பார்த்த நேரத்து நிலவரம்தான்.

நீங்கள் கேட்க வேண்டியது மூன்று எண்கள்: விமானத்தில் மொத்த சீட் எத்தனை, புக் ஆனது எத்தனை, ஸ்டாண்ட்பையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர். அந்தக் கம்பெனியில் தெரிந்தவர் இருந்தால் அவரைக் கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டாஃப் டிராவலர் செயலியில் கேட்டால் அந்தக் கம்பெனி ஊழியர் யாராவது பார்த்துச் சொல்வார். முந்தின நாள் இரவு ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை கேளுங்கள்.

இடம் இருந்தும் ஏற்ற முடியாத நாளும் உண்டு. ஜூலை மத்தியானம் 45 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி குறைகிறது. இறக்கைக்குத் தூக்கும் வலு குறைகிறது, இன்ஜினும் தளர்கிறது. சரக்கும் நிறைய இருந்தால் எடைக் கணக்கு இடிக்கும். கதவு வழியாக எட்டிப் பார்த்தால் பத்து சீட் காலியாகத் தெரியும், ஆனாலும் உங்களை ஏற்ற மாட்டோம். அன்று கேட்டில் இருப்பவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அந்த முடிவை அவர் எடுக்கவில்லை.

யாருக்கு முதலில் சீட்?

அந்த விமானக் கம்பெனியின் சொந்த ஊழியரும் குடும்பமும் முதலில். ஸெட்டில் வரும் வெளிக் கம்பெனி ஆட்கள் அவர்களுக்குப் பின்னால்தான். சொந்த ஊழியருக்குள்ளும் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். அமெரிக்காவில் டெல்டாவும் யுனைடெட்டும் வேலையில் சேர்ந்த தேதியைப் பார்க்கின்றன. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ஒரே முன்னுரிமைக்குள் யார் முதலில் செக்-இன் செய்தார் என்பதுதான் கணக்கு. அதனால் அங்கே 24 மணி நேரத்துக்கு முன் செக்-இன் திறக்கும் நிமிடத்தில் எல்லாரும் போனைக் கையில் வைத்திருப்பார்கள். உங்கள் கம்பெனி எந்த வழி என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவைத் தனியாக ஸ்டாண்ட்பையில் அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். ஒரு ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கேட்டுக்கு எதிரே முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த போர்டிங் பாஸில் சீட் எண் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்பிஒய் என்று மூன்று எழுத்து, ஸ்டாண்ட்பை என்பதன் சுருக்கம். அதையே தன் சீட் என்று நினைத்துக்கொண்டு இரண்டு தடவை வரிசையில் வந்து நின்றார், இரண்டு தடவையும் மெஷின் சிவப்பு காட்டியது. மூன்றாம் தடவை என்னிடம், "ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா தம்பி?" என்று கேட்டார். கடைசி ஐந்து நிமிடத்தில் அவருக்கு 34-ஆம் வரிசையில் இடம் கிடைத்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர் பட்ட கூச்சத்தை வீட்டிலேயே இரண்டு வார்த்தை சொல்லித் தவிர்த்திருக்கலாம்.

"கடைசியில்தான் கூப்பிடுவார்கள், பெயர் சொல்லும் வரை கேட் பக்கத்திலேயே உட்காருங்கள், இடம் இல்லையென்றால் இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்." இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும்.

ஏறி உட்கார்ந்த பிறகும் இறக்கிவிடுவார்களாமே? சிகாகோவில் ஒருவரை இழுத்துக்கொண்டு போன வீடியோ பார்த்தேன், பயமாக இருக்கிறது.

சகோதரி, அது வேறு விஷயம். 2017 ஏப்ரல் 9-ஆம் தேதி, யுனைடெட் எக்ஸ்பிரஸ் 3411, சிகாகோவிலிருந்து லூயிவில் போக வேண்டியது. அங்கே இறக்கச் சொன்னது காசு கொடுத்த பயணிகளை. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய 4 விமானப் பணியாளர்களுக்காக அது நடந்தது. அவர்கள் டூட்டியில் போகிறவர்கள், ஸ்டாண்ட்பை இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, இப்படிப் போகும் பணியாளர்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும் என்று யுனைடெட் விதி வைத்தது.

உங்களை இறக்குவார்களா என்றால், இறக்கலாம். கடைசி நிமிடத்தில் கனெக்ஷன் பயணி ஓடி வந்தால் சீட் அவருடையது. கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜீன்ஸ் போடலாமா?

கம்பெனி விதியைப் படியுங்கள். 2017 மார்ச்சில் டென்வரில் ஸ்டாஃப் பாஸில் வந்த இரண்டு சிறுமிகளை லெக்கிங்ஸ் போட்டதற்காக யுனைடெட் ஏற்றவில்லை. பணம் கொடுத்த பயணிக்கு அந்த விதி கிடையாது. சந்தேகம் இருந்தால் சட்டையும் சாதா பேன்ட்டும், பெண்களுக்கு சுடிதார்.

ஜூலையில் துபாயிலிருந்து திருச்சி போக வழி உண்டா?

வளைகுடாப் பள்ளிகள் ஜூலை, ஆகஸ்ட் மூடியிருக்கும். ஜூன் கடைசியில் ஊர்ப் பக்கம் போகிற விமானமும் ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிற விமானமும் நிரம்பி வழியும். முடிந்தால் ஜூலை நடுவில் போங்கள். நேர் விமானத்தையே கட்டிக்கொண்டு அழாதீர்கள். கொழும்பிலிருந்து சென்னை, திருச்சி, மதுரை மூன்றுக்கும் ஸ்ரீலங்கன் பறக்கிறது. உங்கள் கம்பெனிக்கு அவர்களோடு ஒப்பந்தம் இருந்தால் அது நல்ல மாற்று வழி. நாகர்கோவில்காரர்களுக்குத் திருவனந்தபுரமும் கோவைக்காரர்களுக்குக் கொச்சியும் கைகொடுக்கும், ஓணத்தை ஒட்டிய நாட்களைத் தவிர. நடுவில் வேறு நாடு வந்தால், அங்கே மாட்டிக்கொண்டால் வெளியே வர விசா தேவையா என்று முன்பே பாருங்கள்.

ஒரு செக்-இன் பை மட்டும் இருக்கிறது, போடலாமா?

கைப்பை மட்டும் என்றால் கடைசி நிமிடத்திலும் ஏற்றிவிட முடியும். அவ்வளவுதான் சொல்வேன்.

தங்கை கல்யாணத்துக்கு ஸ்டாஃப் டிக்கெட்டில் போகலாம் என்று இருக்கிறேன். லோட் நன்றாக இருக்கிறது, காலி சீட் நிறைய.

வேண்டாம் தம்பி. அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், நான் ஒருவன்தான் தாய்மாமன். முந்தின நாள் சாயங்காலம் 31 இடம் காலி. ராத்திரி வேறொரு விமானம் ரத்தாகி அதன் பயணிகள் எல்லாரும் இதில் வந்துவிட்டார்கள். அடுத்ததும் நிரம்பியது. அப்போது முழு டிக்கெட் வாங்கவும் இடமில்லை. சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். நான் கேட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தேன். பிள்ளை அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நாள் குறித்த காரியத்துக்குப் போகும்போது முழு டிக்கெட் வாங்குங்கள். திரும்பி வர ஸ்டாஃப் டிக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், கையில் இரண்டு நாள் லீவு மிச்சம் வைத்து.

பக்கத்து வீட்டுக்காரர் பணம் தருகிறேன், பாஸ் கொடு என்கிறார்.

விற்காதீர்கள். வேலை போய்விடும்.

போகாத டிக்கெட்டுக்குப் பணம் திரும்புமா?

பெரும்பாலும் திரும்பும், வாங்கிய தளத்திலேயே கேட்கலாம். அதற்கு முன்னால் லிஸ்டிங்கை ரத்து செய்யுங்கள். உங்கள் பெயர் பட்டியலில் நிற்கிற வரை, பின்னால் இருக்கிற ஒருவர் எண்ணிக்கையைப் பார்த்துத் தனக்கு இடமில்லை என்று நினைத்து வீட்டை விட்டே கிளம்பாமல் இருந்துவிடுவார்.