கடலூரில் சொந்தத் தொழிலுக்கு, மீன் ஏற்ற, ரெண்டு டாடா ஏஸ் லோடு வண்டி வைத்திருக்கிறேன். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எத்தனை லட்சத்துக்கு எடுத்தால் போதும்?

மீன் ஏற்ற ரெண்டு டாடா ஏஸ் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நானும் கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) அதே தொழில்தான்.

உயிருக்கும் காயத்துக்கும் தொகையை நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. நம் வண்டி மோதி ரோட்டில் போகிறவர் இறந்தால், விபத்துத் தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் கம்பெனி கட்ட வேண்டும். மற்றவர் சொத்துச் சேதத்துக்குத்தான் ஏழரை லட்சம் வரம்பு. பிரீமியமும் அரசு வைத்ததுதான். 7,500 கிலோ வரையிலான வாடகைச் சரக்கு வண்டிக்கு 2022 அறிவிப்பில் 16,049 ரூபாய், வரி தனி. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே விலை. அதனால் பேரம் பேசுவதை விட்டு, பாலிசியோடு வரும் விவரப் பக்கமான ஷெட்யூலைப் படியுங்கள்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. விடியற்காலை துறைமுகத்திலிருந்து கிளம்பும் வண்டிகளைப் பாருங்கள். கேபினில் டிரைவர், பின்னால் ஐஸ் பெட்டி மேல் லோடுமேன்கள், மஞ்சக்குப்பம் வரை வருகிறேன் என்று ஏறிக்கொண்ட தெரிந்தவர் ஒருவர். மீனுக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு வந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தத்துக்குப் பிறகு அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறியவருக்குக் கிடையாது. அவருக்கு ஏதாவது ஆனால் நஷ்டஈடு உங்கள் தலையில்தான் விழும்.

லோடுமேன்களுக்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். ஆளுக்குச் சொற்பத் தொகைதான். ஷெட்யூலில் டிரைவர், கிளீனர், கூலி ஆட்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி இருக்கும். அதில் வெறும் '1' அச்சாகியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், திருத்தி வாங்குங்கள். பணம் கட்டிவிட்டோம் என்று பெட்டி மேல் உட்கார வைக்கவும் வேண்டாம். சீட் கணக்குக்கு மேல் ஆள் இருந்தால் கம்பெனி வழக்காடும், அந்தக் குடும்பம் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையும். நமக்காக உழைக்கிறவர்களுக்கு அந்தக் கதி வரக் கூடாது.

அப்புறம் லைசன்ஸ். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசன்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. ஆனால் அது காலாவதியாகியிருந்தால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கலாம். டிரைவர் சொல்வதை நம்பாமல் தேதியை நீங்களே பாருங்கள்.

சொந்த வண்டிச் சேதத்துக்கான கவர் தனிக் கணக்கு; வண்டி புதிதென்றால் எடுங்கள்.

புதுச்சேரியில் சரக்கு இறக்க ஏஸுக்குப் பர்மிட் வேண்டாம், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டவில்லை. நாளைக்குப் பெரிய வண்டி வாங்கினால் பர்மிட்டை முதலில் எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் விபத்தானால் கம்பெனி அதையும் காரணம் காட்டும்.